பாதிக் கூலி

அர்த்தநாரி மூன்றாவது தடவையும் அதையே எழுதிவிட்டார்.

"மலை ஏறும் முன் காரவள்ளி சின்னராசு ஒர்க்‌ஷாப்பில் பிரேக்கைக் காட்டிவிட்டுப் போங்கள். மலைச்சக்கரம் என்று சொன்னால் பாதிக் கூலி."

படித்ததும் கதிர்வேலுக்குக் காது சூடேறியது.

பைக்கில் மலை சுற்றும் பைத்தியங்களுக்கென்று கதிர்வேல் நடத்துகிற இணைய மன்றம்தான் மலைச்சக்கரம். நாமக்கல்லில் தன் பிரவுசிங் சென்டரின் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 2001லிருந்து ஐந்து வருஷமாகக் கட்டிக் காத்து வருகிறார். இதற்கு முன் அவர் இருந்த மன்றம், ஹெல்மெட் விற்கிறவனும் டயர் விற்கிறவனும் புகுந்து சந்தைக்கடையாகி நாசமாய்ப் போனது. அதனால் இங்கே முதல் விதியே விளம்பரம் கூடாது என்பதுதான். இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது தடவை ஆளையே தூக்கிவிடுவார்.

இவரையும் தூக்கியிருப்பார். அர்த்தநாரி உபயோகமான மனிதராக இருந்து தொலைத்ததுதான் வம்பு. கொல்லிமலை ரோட்டில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எதில் எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று வாரம் தவறாமல் எழுதுவார். ஆனால் அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை.

கதிர்வேல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேலத்து சுரேந்தர் ஊரறியக் கேட்டுவிட்டான்.

"இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கும் பங்கு உண்டா?"

அதற்குக் கீழே பத்துப் பேர் ஒத்து ஊதினார்கள். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் நடத்தியதற்கு நல்ல மரியாதை. கதிர்வேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆத்திரத்தில் மன்றத்தின் உச்சியில் ஓர் அறிவிப்புப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து மலைக்கு வருகிறவர்கள் ஒருவரும் சின்னராசு கடையில் நிற்கக் கூடாது. தான் முன்னால் போய் கமிஷன் கதையைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போவதாகவும், அதன் பிறகு அர்த்தநாரி மன்றத்தில் இருக்க மாட்டார் என்றும் எழுதினார்.

ஞாயிறு காலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் அந்தக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஒன்றும் தெரியாதவர்போல், "மலைச்சக்கரம்" என்றார்.

சின்னராசு வேறொன்றும் கேட்கவில்லை. பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவை எடுத்து அவர் கையில் வைத்தார். அது இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது.

"ஏறியிருப்பீங்க. எறங்கறப்பத்தான் வண்டி நின்னிருக்காதுங்க."

கதிர்வேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் வந்த வேலையை விடவில்லை. புது ஷூ மாட்டி முடிக்கும் வரை பொறுத்திருந்து, தான் யார் என்பதைச் சொன்னார்.

"அர்த்தநாரிக்கு ஒரு வண்டிக்கு எவ்வளவு போகுது?"

சின்னராசு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதைச் சொல்லக் கூடாதுன்னிருக்காருங்க."

சிக்கிவிட்டான் என்று கதிர்வேலுக்கு மனசு துள்ளியது. சொல்லாவிட்டால் இந்தக் கடைப் பக்கமே ஒரு பைக்கும் வராதபடி எழுதிவிடுவேன் என்று மிரட்டினார்.

சின்னராசு துணியைக் கீழே போட்டார்.

"அவருக்கு ஒண்ணும் போறதில்லீங்க. அவருகிட்ட இருந்துதான் வருது. நீங்க குடுக்கறது பாதிக் கூலி, மீதியைச் சம்பளம் வாங்கின அன்னைக்கு அவரு வந்து குடுத்துட்டுப் போவாரு."

"அவரு எதுக்குங்க குடுக்கணும்?"

"மலை பஸ் டிரைவருங்க அவரு. வளைவுல உழுந்து கெடக்கற பசங்களைத் தூக்கி பஸ்ல போட்டுக் கீழ கொண்டாறது அவருதான். போன சித்திரையில ஒரு பையன் பஸ்லயே போய்ச் சேந்துட்டான். அவன் வண்டியிலயும் இப்பிடித்தானுங்க தேஞ்சிருந்துச்சு."

"இதை மன்றத்துலயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"ஓசின்னா ஒருத்தனும் நிக்க மாட்டான், பாதின்னாத்தான் நிப்பான்னாருங்க."

கதிர்வேலுக்கு அவமானமாக இருந்தது. ஐந்து வருஷம் விதியைக் காத்தவருக்கு அந்த மனிதரின் முகம்கூடத் தெரியாது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சேலத்துக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வண்டிகள், முன்னால் சுரேந்தர். எவனும் வேகத்தைக் குறைக்கிற மாதிரி தெரியவில்லை. நிற்கக் கூடாது என்று எழுதியது யார்?

கதிர்வேல் ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார். சுரேந்தரின் முன்சக்கரம் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, சாகறதுக்கா நிக்கறீங்க?"

"எல்லா வண்டியையும் உள்ள விடுங்க. சின்னராசு பிரேக்கைப் பாக்காம ஒரு வண்டி ஏறக் கூடாது. மலைச்சக்கரம்னு சொல்லுங்க, பாதிக் கூலி."

சுரேந்தர் ஹெல்மெட்டைக் கழற்றினான். பின்னால் இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"நான் அன்னைக்கே கேட்டேனில்லீங்க. இதுல உங்க பங்கு எவ்வளவுங்க?"

கதிர்வேல் பர்ஸை எடுத்து அப்படியே சின்னராசுவின் கிரீஸ் கையில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"இன்னைக்கு மீதிப் பாதி."