ஊதா வெளிச்சத்துக் கீரை

ஷூ கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த சூரியபிரகாஷ், யூடியூப் பார்த்து, படுக்கையறையில் பழைய பிளாஸ்டிக் குழாயையும் ஊதா விளக்கையும் மாட்டி, மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்த்தான்.

"சூரியன்னு பேரு வெச்சேன். இவனுக்கு வெயிலே ஆகல!" மாதனூரில் ஒரு ஏக்கரில் கீரை போடும் அப்பா பச்சையப்பன் தினமும் நக்கலடித்தார்.

ஆனாலும் கீரை தளதளவென்று நின்றது. அம்மா மீனாம்பாளுக்கே ஆச்சரியம்.

அன்று மகன் குளிக்கப் போனதும் அறையை எட்டிப் பார்த்தாள். பச்சையப்பன் குழாயில் வாடிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, தன் நிலத்துக் கீரையை வேரில் மண் போகக் கழுவிச் செருகிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, புள்ள மேல அவ்ளோ பாசமா?"

"பாசமாவது! இங்க கீரை காய்ஞ்சிதுன்னா, நாளைக்கே இந்த விஞ்ஞானத்தத் தூக்கினு நம்ம நெலத்துக்கு வந்துருவான்!"