சட்டைப்பையில் ஒரு சீட்டு

ஊரில் தாத்தா பொன்னுரங்கம் வைத்த விருந்துக்கு வந்துவிட்டு டொராண்டோ திரும்பிய மூன்றாம் நாளே பேரன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான்.

“அப்பா, எந்த மருந்துக்கும் கிருமி அடங்கல. நம்ம விருந்துல சாப்பிட்ட வேற யாருக்காவது இப்படி ஆச்சா, எந்த மருந்துல தேறினாங்கன்னு டாக்டர் கேக்கறாரு,” என்றாள் மகள் போனில்.

“நல்லாக் கேளும்மா, உங்கப்பா வீட்டு விருந்தாச்சே!” என்று சம்பந்தி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

பொன்னுரங்கம் முதுகை நிமிர்த்தினார். விருந்துக்கு மறுநாள் இதே நோயில் விழுந்த தன் தம்பியைப் பிழைக்கவைத்த ஊசியின் பெயர், அவர் சட்டைப்பைச் சீட்டில் இருந்தது.

“என் பந்தியில சாப்பிட்டு எவனும் வயித்தப் புடிச்சதில்ல.”

“ரத்தத்துல ஏறிடுச்சுப்பா...”

“வெளியில எங்கயாவது தின்னிருப்பான்.”

போனை வைத்தார். சீட்டை எடுத்து, இனி மடியாது என்கிற அளவுக்கு மடித்தார். போன் மறுபடி அடித்தது.