முகத்தில் தெரியாதது

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் நாலாம் மாடிச் சமையலறை. காலை வெயில் மேசைவிரிப்பில் விழுகிறது. டொக்டர் பூர்கி வெங்காயங்களை ஒதுக்கிவிட்டு ஊசியையும் சிறு போத்தல்களையும் வைக்கிறார். தமிழ்க் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய அவர் கேட்ட பணத்தை நிதிக்குழு மறுத்துவிட்டது. அகதிகளான நாங்கள் மிகக் குறைவு, எந்நேரமும் திருப்பி அனுப்பப்படக்கூடியவர்கள் என்பது காரணம். இப்போது தன் விடுமுறை நாட்களில் வருகிறார். இதையெல்லாம் அவர் சொல்ல, நான் மொழிபெயர்க்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணியான செல்வராணி கைகளைச் சால்வைக்குள் வைத்திருக்கிறாள். “நாங்கள் குறைவாமோ? என்னை ரெண்டாய் எண்ணச் சொல்லுங்கோ அண்ணை.” சொல்கிறேன். டொக்டர் சிரிக்கிறார். செல்வராணி சிரிக்கவில்லை. “இது பொலிசுக்குப் போகாதோ?” “போகாது.” “இரத்தம் குறைவெண்டால் முகத்தைப் பாத்தாத் தெரியாதோ?” “வெள்ளை முகத்திலை தெரியும். எங்கட முகத்திலை இந்த டொக்டர்மாருக்குத் தெரியாது.” அவள் என்னைப் பார்க்கிறாள். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போய் என் மனைவி இறந்தது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். “அக்காவுக்கு இரத்தம் எடுத்துப் பாத்தவையோ?” “இல்லை. முகத்தைப் பாத்திட்டு, நல்லாயிருக்கிறா எண்டவை.” அடுப்பில் கேத்தில் தண்ணீர் கொதித்து இரைகிறது. செல்வராணி காப்புகளை மணிக்கட்டுக்குத் தள்ளிவிட்டுக் கையை மேசையில் நீட்டுகிறாள். டொக்டர் ஊசியை எடுக்கிறார். “அண்ணை, நீங்கள் பாக்க வேண்டாம். அங்காலை திரும்புங்கோ.”