வெறும் வாய்

டாக்டரம்மா சன்னல் பக்கம் இருந்தார். எதிரே, கைப்பிடி இல்லாத நாற்காலியில் கோமுவின் அப்பா. சுவரோரப் பெஞ்சில் அவர் மனைவி, மடியில் பழைய மருந்துச் சீட்டுகளோடு. மகள் கோமுவைக் கூட்டி வரவில்லை. தை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம்.

"வாயில என்ன?"

"பாக்கு."

"துப்பிட்டு வாங்க."

வாசலுக்குப் போய்த் துப்பினார். கொப்பளித்தார். வந்து உட்கார்ந்தார்.

வாய் மென்றுகொண்டே இருந்தது.

மனைவி நிமிர்ந்தாள்.

இதற்காக அவள் ஏசாத நாளில்லை. "எந்நேரமும் என்ன அசை? மாடு தோத்துது போங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடியும் இப்படித்தானா?" அவர் சிரித்துவிட்டு இன்னொரு பாக்கை ஒதுக்கிக்கொள்வார்.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்கவில்லை. உள்ளே ஓடியது, வெளியே வந்தது.

பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். அவர் கருத்தாகத் தொட்டார். டாக்டரம்மா விரலைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

கவனம் விரலுக்குப் போனதும் உதடு குவிந்தது. சப்பியது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது.

இத்தனையும் பாக்குக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"நீங்க மனசுக்குச் சாப்பிடுற மாத்திரை செஞ்ச வேலை. வருசக்கணக்கா சாப்பிட்டா சிலருக்கு இப்படி வரும். மெள்ளக் குறைச்சு, வேற மாத்திப் பாக்கலாம்."

"கல்யாணத்துக்குள்ள நின்னுருமாம்மா?" என்றாள் மனைவி.

"சொல்ல முடியாது. முதல்ல கொஞ்சம் கூடவும் செய்யும். நிக்காமலே போனாலும் போகும்."

"அந்தக் குரல்?" என்றார் அவர்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மாத்தும்போது திரும்ப வரலாம். கூடவே இருந்து பாத்துக்கிடணும்."

கோமு தொட்டிலில் கிடந்த காலம். காதில் ஒரு குரல் சொன்னதென்று, தொட்டில் பக்கத்தில் அரிவாளோடு நின்றவர் அவர். அதைப் பற்றி இருவரும் பிறகு வாய் திறந்ததில்லை.

"கல்யாணம் முடியுறவரைக்கும் இதே மாத்திரை இருக்கட்டும், டாக்டரம்மா. வாய் ஆடுனா ஆடிட்டுப் போகுது. அது யாரையும் வெட்டச் சொல்லாது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் தாளும் கவரும் அவரே எடுத்து வைத்தார்.

"உங்க அண்ணனுக்கு எழுது. மணவறையில என் வாயப் பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?"

அவள் வழக்கமான வரிசையில் எழுதினாள். நலம். மழை. கோமுவின் சேலை. பிறகு விஷயம்.

'கோமுவைத் தாரை வார்த்துக் கொடுக்க நீங்களும் மதினியும் உட்கார வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை.'

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டி வாசித்தார்.

"உனக்கு ஒண்ணுமில்லையே. நீ உக்காரலாம்லா?"

தாரை வார்க்கத் தம்பதியாகத்தான் உட்கார வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

அவள் 'அவருக்கு' என்பதை அடித்தாள். மேலே 'எங்கள் இரண்டு பேருக்கும்' என்று எழுதினாள்.

சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, அவளே போய்த் தபால் பெட்டியில் போட்டாள்.