சிவப்பு அட்டை எலிகள்

திருட்டுதான் என்று முடிவே கட்டிவிட்டாள் ஆராய்ச்சி மாணவி.

"சார், கூண்டண்ணன் தினமும் காலையில அரை மணி நேரம் முன்னாடியே எலிக்கூடத்துக்கு வர்றார். ஒரு வருஷமா, குட்டிங்க பொறந்ததிலேருந்தே! கதவுப் பதிவுல இருக்கு. சும்மா வருவாரா? எலியை வெளியில யாருக்கோ கடத்துறார்!"

கூண்டு கழுவி, தீனி வைத்து, தண்ணீர் மாற்றுகிறவரை ஆய்வகத்தில் எல்லோரும் கூண்டண்ணன் என்றுதான் சொல்வார்கள். இன்னும் பட்டம் வாங்காத அவளை இப்போதே "டாக்டரம்மா" என்று கூப்பிடுகிற ஒரே ஆளும் அவர்தான்.

"எண்ணிக்கை குறையுதா?" என்றார் பேராசிரியர்.

"குறையலை சார். அதான் சந்தேகமே. வேற எலியை மாத்தி வச்சிருப்பார்!"

சந்தேகம் வந்துவிட்டால் குறையாததும் சாட்சியாகிவிடும்.

ஆனால் அவள் பதறியதிலும் நியாயம் உண்டு. மூளையில் நரம்புச் செல்களுக்கு ஒத்தாசை செய்வதற்கென்றே துணைச் செல்கள் இருக்கின்றன. நோயாளிகள் தானம் கொடுத்த தோலிலிருந்து வளர்த்தெடுத்த மனிதத் துணைச் செல்களை, பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் செலுத்தியிருந்தாள். வளர்ந்ததும் புதிர்ப்பாதையில் விட்டுப் பார்த்தாள். எலிச் செல்லையே வாங்கிய எலிகள் முழித்துக்கொண்டு நிற்க, மனிதச் செல் வாங்கியவை இரண்டு மடங்கு வேகத்தில் வழி கண்டுபிடித்தன.

நாலு வருட உழைப்பு. கட்டுரை அடுத்த வாரம் அச்சேறுகிறது. அதை நம்பித்தான் பட்டம், அதை நம்பித்தான் வேலை.

"கேமராப் பதிவைப் போடு. கையும் களவுமா பிடிச்சா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் பேராசிரியர்.

திரையில் கூண்டண்ணன் வந்தார். கையுறை மாட்டினார். முதல் கூண்டைத் திறந்து எலியை இரு கைகளிலும் ஏந்தினார். முதுகை நீவிக் கொடுத்தார். ஏதோ பேசினார். இரண்டு நிமிடம் கழித்துப் பத்திரமாக உள்ளே விட்டார்.

அடுத்த கூண்டு. அதற்கடுத்தது.

"கடத்தலை சார், கொஞ்சுறார்!" மாணவிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "எந்தெந்தக் கூண்டுன்னு பாரு."

பார்த்தாள். வெள்ளை அட்டை தொங்கிய பன்னிரண்டு கூண்டுகளையும் அவர் தாண்டிப் போனார். சிவப்பு அட்டை தொங்கிய பன்னிரண்டை மட்டும் திறந்தார்.

மனிதச் செல் உள்ள கூண்டுக்குச் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. பாரபட்சம் வரக் கூடாதென்று எலிகளை வேறொருவர் எடுத்துத் தர, எது எந்தக் கூண்டு எலி என்றே தெரியாமல்தான் அவள் சோதனை செய்தாள். அட்டையைத் தினமும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"கையில ஏந்திப் பழக்கின எலிக்குப் பயம் தெளிஞ்சிடும்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "பயம் தெளிஞ்ச எலி மூலையில ஒடுங்காது. ஓடி வழி தேடும்."

"அப்போ... செல்லால இல்லையா சார்?"

"செல்லாலயா, அந்த ஆள் கையாலயா? இனிமே யாரால சொல்ல முடியும்?"

கூண்டண்ணனைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடியே வந்தார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? யார் உங்களைத் தொடச் சொன்னது?" என்று வெடித்தாள்.

"தப்புங்களா டாக்டரம்மா? நீங்கதானே சொன்னீங்க, அந்த எலிங்க மூளையில மனுஷ செல் இருக்குன்னு. யாரோ நோவுல கிடக்கிறவங்க கொடுத்தது. கொஞ்சூண்டா இருந்தாலும் உள்ள ஒரு மனுஷன் இருக்காரில்லே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை விசாரிக்காம, வெறும் தீனியைப் போட்டுட்டுப் போக மனசு வரலை."

"ஐயோ! என் நாலு வருஷமும் போச்சு!"

அவர் பதறிப்போனார். "வேணும்னா இனிமே வெள்ளை அட்டை எலிங்களையும் தூக்கிக் கொஞ்சிடறேன்மா. எல்லாம் ஒண்ணு போல ஆயிடுமில்லே?"

விஞ்ஞானப்படி அதுதான் சரியான வழி. புதுக் குட்டிகள், புது ஊசி, எல்லா எலிக்கும் ஒரே மாதிரி கை. மறுபடியும் முதலிலிருந்து. ஒன்றரை வருடம்.

"சார், இவர் இங்கே இருக்கவே கூடாது! விதியை மீறி ஆராய்ச்சியைக் கெடுத்திருக்கார். இன்னைக்கே அனுப்புங்க!"

"என்னால உங்க படிப்பு கெடக் கூடாதும்மா. நான் போயிடறேன்," என்று கூண்டண்ணன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவர் போன பிறகு பேராசிரியர் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நீக்கல் கடிதத்துல காரணம் எழுதணும்," என்றார் கடைசியில். "எலியைத் தொட்டார்னு எழுதினா, அதைப் படிக்கிற முதல் ஆளே கட்டுரையை நிறுத்தச் சொல்வான். அவரை அனுப்பலைன்னா, நாளைக்கு இங்க வர்ற யார்கிட்டயாவது வெள்ளந்தியா இதையே சொல்வார்."

"என்ன சார் பண்றது?"

"உன் கட்டுரை, உன் பட்டம். நீயே எழுது. கையெழுத்து நான் போடறேன்."

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராப் பதிவை அழித்தாள். கட்டுரையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினாள். பேராசிரியர் படித்துப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

'நீக்கத்துக்கான காரணம்: எலிகளிடம் போதிய அக்கறை காட்டாமை.'