இளைக்காத உடம்பு

சுகிர்தன் போனில் கதைத்தது, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அவன் மனைவி மேனுகாவின் காதில் விழுந்தது.

"சாப்பாட்டைக் குறைச்சும் பார்த்திட்டன். கொழுப்புக் கரையவேயில்லை. எந்த நேரமும் மூலைக்குள்ள அசையாமல் கிடக்கிறதுதான் வேலை."

ஒரு வருடத்தில் ஊதிப்போன உடம்போடு அவள் கூனிக் குறுகினாள். சோற்றைக் குறை என்று வீட்டில் சொல்வது போதாதென்று ஊருக்கும் சொல்கிறாரே!

"என்னைப் பற்றி ஆரோட கதைச்சனீங்கள்?" என்று கேட்டு அழுதேவிட்டாள்.

சுகிர்தன் சிரித்தான். "ஐயோ, அது எங்கட ஆராய்ச்சிக்கூடத்து மீன்குஞ்சுகள்! குஞ்சு உருமாறிப் பெரிய மீனாகத் தைரொயிட் ஹோர்மோன் சுரக்கவேணும். அது குறைஞ்சால் கொழுப்புக் கரையாது, சோர்ந்து கிடக்கும். அதுகளில பிழையில்லை. பட்டினி போட்டும் பிரயோசனமில்லை."

வீணாகச் சந்தேகப்பட்ட வெட்கத்தோடு மேனுகா கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கும் அப்பிடித்தான் ஒரே சோர்வாக் கிடக்கு. இந்த வெயிலுக்கையும் குளிருது, தலைமயிர் கொட்டுது. நீங்கள் பஞ்சி, சோம்பேறி எண்டு பேசுவீங்கள் எண்டு சொல்லேல்லை."

சுகிர்தனின் சிரிப்பு நின்றது. அவளுடைய வீங்கிய முகத்தை முதன்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளிக்கிடும் மேனுகா, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.