கிழங்கு என்ன விலை?

"இந்தக் கூடைக் கிழங்கு என்ன விலை பிசிலா?" என்று கேட்டுவிட்டு, லுப்பே கைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை மறுபடியும் எடுத்தாள்.

லுப்பே, பிசிலாவுடைய கணவனின் அக்கா. ஆக்லாந்திலிருந்து டோங்காவுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் காஸ், கரண்ட், பஸ், சோப்பு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதிவிட்டாள்.

"முப்பது பாங்கா அக்கா." காலையில் சந்தையில் அவள் கொடுத்தது பதினைந்து.

முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கணவன் மாகாவின் கை ஒரு கணம் நின்றது. பிசிலா பார்த்த பார்வையில் மறுபடி துருவ ஆரம்பித்தான்.

"முப்பதா? கப்பல்ல வந்து இறங்குற கிழங்கே அங்கே இவ்வளவு விலை இல்லையே."

"புயலுக்கு அப்புறம் எல்லாமே ஏறிப்போச்சு அக்கா. நாங்க அரை வயிறுதான்."

லுப்பே தம்பியின் தொந்தியை ஒரு தடவை பார்த்தாள். முப்பது என்று எழுதிக்கொண்டாள்.

அவள் குளிக்கப் போனதும் மாகா உள்ளே வந்தான். "ஏண்டி இப்படிப் புளுகுற?"

"எதுக்குக் கேட்கிறாங்கன்னு உங்களுக்குப் புரியலையா? பதினாலு வருஷமா மாசம் தவறாம பணம் அனுப்புறவங்க, இப்ப கணக்குப் பார்க்க வந்திருக்காங்க. இங்கே எல்லாம் மலிவுன்னு தெரிஞ்சா பாதியா வெட்டிடுவாங்க."

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"நீங்க கேளுங்களேன். உங்க அக்காதானே."

மாகா தேங்காய் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டான். டோங்காவில் அக்காவைத் தம்பி கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. அது போகட்டும், புதுத் தண்ணீர்த் தொட்டிக்கென்று அவள் அனுப்பிய பணத்தைப் போன வருஷம் ஆலயக் காணிக்கையில் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் தன் பெயரை வாசிக்கக் கேட்டுப் பூரித்துப்போனவன் அவன். பழைய தொட்டி வீட்டின் பின்னால் இன்னமும் ஒழுகிக்கொண்டிருந்தது.

பிசிலா மேசைமேல் கிடந்த நோட்டைத் திறந்தாள். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் ஆக்லாந்து, ஒரு பக்கம் டோங்கா. வாடகை, ஹீட்டர், பஸ், மருந்து என்று எதிரெதிரே விலைகள். கடைசி வரியில் ஆக்லாந்துப் பக்கம் காலியாக இருந்தது. டோங்காப் பக்கம், "காலையில் பாய் முடையும் பெண்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு விலை இல்லை.

"பாருங்க. நாங்க சும்மா கூடி உட்கார்ந்து பாய் முடையுறது கூட உறுத்துது. அதுல என்ன வருமானம்னு அடுத்து கேட்பாங்க, பாருங்க."

அதன்பிறகு பிசிலா எதற்கும் தயங்கவில்லை. மீன் விலை கேட்டால், மீனைக் கண்ணால் பார்த்தே மாசமாகிறது என்றாள். கரண்ட் விலை கேட்டால் விளக்கை அணைத்தாள். லுப்பே கேட்டதையெல்லாம் எழுதினாள். எழுத எழுத அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. நம்பிவிட்டாள் என்று பிசிலாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வந்து, குழியடுப்பில் வெந்த கிழங்கையும் தேங்காய்ப்பால் இறைச்சியையும் எடுத்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். லுப்பே பாதிக் கிழங்கைத் தம்பி தட்டுக்குத் தள்ளிவிட்டு, "எனக்குப் பசி இல்லை" என்றாள்.

பிசிலாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எதுக்கு இத்தனை விலையும் எழுதுறீங்க?"

லுப்பே தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"சொல்லாமலே போயிடலாம்னு இருந்தேன். அங்கே ரெண்டு ஆபீஸ்ல தரை துடைக்கிறேன். முழங்கால் ரெண்டும் போச்சு. வாடகை கட்டி, இங்கே அனுப்பினது போக, ஹீட்டர் போடக் கட்டுப்படியாகாது. போர்வையைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பேச ஒரு ஆள் கிடையாது. கையில கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கேன். உங்களுக்குப் பாரமில்லாம, அதை வெச்சு இங்கேயே வந்து இருந்துட முடியுமான்னுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

பிசிலா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். மாகா தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

"அக்கா, அந்த விலையெல்லாம்..." என்று பிசிலா ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." லுப்பே அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். லுப்பேயின் கை தேய்ந்து காய்ப்பேறியிருந்தது. "நீங்க படுற கஷ்டம் தெரியாம, எனக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைச்சுட்டேன். நேத்தே ஃபோன் பண்ணி மூணாவதா ஒரு இடத்துல வேலை கேட்டுட்டேன். சனிக்கிழமை கிளம்புறேன்."

பிசிலாவின் கண் நிறைந்ததைப் பார்த்து, லுப்பே அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதே. இனிமே மாசம் நூறு டாலர் கூட்டி அனுப்புறேன்."